65 நல்ல மதிப்பெண்ணா? எல்லை கடந்த உயர்கல்வியில் ஆசிரியர் படும் பாடு

ஒரு மாணவி தன் முதல் கட்டுரையைத் திரும்ப வாங்குகிறாள். மேல் மூலையில் 65 என்று இருக்கிறது. கீழே ஆசிரியரின் குறிப்பு: "நன்றாக வந்திருக்கிறது. மூன்றாம் பகுதியை இன்னும் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்." பள்ளியில் 95க்குக் கீழே இறங்காதவள் அவள். தோற்றுவிட்டோம் என்றே நினைத்து முகம் வாடி உட்கார்ந்திருக்கிறாள். மதிப்பெண் போட்ட ஆசிரியருக்குக் காரணம் பிடிபடவில்லை. அவர் படித்ததும் பாடம் நடத்தியதும் பிரிட்டிஷ் முறையில். அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை என்றால் அதற்கு அடுத்த படி, வெளியே தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய தேர்ச்சி. 40 எடுத்தால் பாஸ். 80ஐத் தாண்டுவது அபூர்வம். பாராட்டித்தான் அவர் 65 போட்டிருக்கிறார்.

அந்தக் குறிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. "விரித்துப் பார்க்கலாம்" என்பதை மாணவி, இஷ்டம் இருந்தால் செய் என்று எடுத்துக்கொண்டாள். ஆசிரியர் சொல்ல வந்தது வேறு: அந்தப் பகுதி பலவீனமாக இருக்கிறது, அடுத்த முறை சரிசெய்தே ஆக வேண்டும். கவலைப்பட வேண்டிய இடத்தில் அவள் கவலைப்படவில்லை. கவலையே தேவைப்படாத இடத்தில் மனம் உடைந்துவிட்டாள்.

ஒரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இன்னொரு நாட்டில் இருந்தபடியே படிக்கும் ஏற்பாட்டைத்தான் எல்லை கடந்த உயர்கல்வி என்கிறோம். இங்கே மாணவர் விமானம் ஏறுவதில்லை. பாடத்திட்டம் ஏறுகிறது, சில சமயம் ஆசிரியரும் ஏறுகிறார். இதற்குப் பல வடிவங்கள் உண்டு. வெளிநாட்டில் சொந்தக் கிளை வளாகம் கட்டுவது ஒன்று. உள்ளூர்க் கல்லூரி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டு அங்கே பாடம் நடத்த வைத்து, பட்டத்தை மட்டும் தாய்ப் பல்கலைக்கழகம் கொடுப்பது இன்னொன்று. இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து புதிதாக ஒன்றை நிறுவுவதும் உண்டு. சீனாவின் சூச்சோ நகரில் 2006இல் தொடங்கிய சியான் ஜியாவ்தோங் லிவர்பூல் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டது.

இது புதிய சரக்கும் இல்லை. லண்டன் பல்கலைக்கழகம் 1858லேயே, லண்டனுக்கு வராதவர்களும் தன் பட்டத் தேர்வை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறக்கும் வரை லண்டன் பட்டத்துக்குத்தான் மாணவர்களைத் தயார் செய்தது. வினாத்தாள் ஓர் ஊரில் பிறக்கும், அதற்குப் பாடம் சொல்பவர் இன்னோர் ஊரில் இருப்பார் என்ற சிக்கல் அப்போதே வந்துவிட்டது.

இன்றைக்கு மாறியிருப்பது அளவு. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 1998இல் மலேசியாவுக்குப் போனது. பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் 2000இல் மலேசியாவுக்கும் 2004இல் சீனாவின் நிங்போவுக்கும் போனது. கத்தார் தன் தலைநகர் தோஹாவின் கல்வி நகரில் கார்னெல், கார்னகி மெலன், ஜார்ஜ்டவுன் எனப் பல அமெரிக்கப் பெயர்களை வரிசையாகக் கொண்டுவந்து வைத்தது. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்காக பிரிட்டனுக்கு வெளியே இருந்தே படிப்பவர்கள் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் யாரோ ஓர் ஆசிரியர் வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் படங்களில் அவர் இருப்பதில்லை.

அந்த ஆசிரியருக்கு வரும் தொல்லைகளை "பண்பாட்டு வேறுபாடு" என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறார்கள். மாணவர்கள் பேச மாட்டார்கள், மனப்பாடம் செய்வார்கள், ஆசிரியரை எதிர்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று ஒரு பட்டியல். அரை நாள் பயிற்சியில் இந்தப் பட்டியலைக் கொடுத்து ஆசிரியரை விமானத்தில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இவற்றில் பாதிக்கு மேல் மாணவரின் பண்பாட்டால் வருபவை இல்லை. மதிப்பெண் முறை, கால அட்டவணை, பாடத்தை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது போன்ற ஏற்பாடுகளால் வருபவை.

அந்தப் பட்டியலுக்கு ஒரு மூலம் உண்டு. டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டீட், 1967க்கும் 1973க்கும் இடையில் ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, நாடுகளைச் சில அளவுகோல்களில் வரிசைப்படுத்தினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்று. அலுவலகத்தை ஆராய்ந்து வந்த அந்தப் படம் பிறகு வகுப்பறைக்கும் வந்தது. முதல் நாள் நுழைகிற ஆசிரியருக்கு அது ஒரு கைவிளக்குதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் சராசரியை வைத்து, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவனை எடைபோட முடியாது. அவன் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவனா, சர்வதேசப் பள்ளியிலிருந்து வந்தவனா என்பதே பல நேரம் நாட்டைவிடப் பெரிய வேறுபாடு.

வகுப்பில் நிலவும் அமைதியையே எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு வளாகத்தில் பாடம் எடுத்த யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் குறை அதுதான். "ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டேன், ஒரு கையும் உயரவில்லை என்பார்கள். சரி, கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் அமெரிக்கப் பள்ளி வகுப்புகளில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதுமே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஒரே நாட்டுக்குள், தாய்மொழியில் நடக்கும் வகுப்பிலேயே இந்த நிலை. இரண்டாம் மொழியில் கேள்வியைக் கேட்டு, தன் மொழியில் யோசித்து, பதிலைத் திரும்ப ஆங்கிலத்தில் கட்டி, இலக்கணம் சரியா என்று ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும் மாணவருக்கு மூன்று விநாடி எந்த மூலைக்கு? அவர் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பார். அப்புறம் அந்த அமைதிக்குப் பண்பாடு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

இதற்கு மாற்று எளிது. கேள்வியைக் கேட்டதும் இரண்டு நிமிடம் எல்லோரையும் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு, எந்த மொழியில் வேண்டுமானாலும், பேசச் சொல்ல வேண்டும். அதன் பிறகு "உங்கள் இருவருக்கும் என்ன தோன்றியது?" என்று கேட்டால் பதில் வரும். சபையில் தவறாகப் பேசிவிடுவோமோ என்ற பயம், இருவர் சேர்ந்து சொல்லும்போது பாதி குறைந்துவிடுகிறது. அமைதியாக இருந்த பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் மேசையைச் சுற்றி வந்து நிற்பதையும் ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள். கேள்விகள் இல்லாமல் இல்லை. எல்லோர் முன்னாலும் ஆசிரியரின் நேரத்தை எடுத்துக்கொள்வது மரியாதை ஆகாது என்று சிலர் நினைக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்காக வகுப்புக்குப் பின் பதினைந்து நிமிடம் ஒதுக்கத்தான் கால அட்டவணையில் இடம் வேண்டும்.

மனப்பாடம் பற்றிய குற்றச்சாட்டும் இதே மாதிரிதான். ஹாங்காங்கில் பணியாற்றிய டேவிட் வாட்கின்ஸும் ஜான் பிக்ஸும் 1996இல் தொகுத்த ஆய்வுகள் ஒரு புதிரிலிருந்து தொடங்கின. வெளியிலிருந்து பார்த்தால் உருப்போடுவதாகத் தெரியும் சீன மாணவர்கள், ஆழ்ந்த புரிதலைக் கேட்கும் தேர்வுகளிலும் நன்றாகச் செய்வது எப்படி? திரும்பத் திரும்பப் படிப்பது அவர்களில் பலருக்குப் புரிந்துகொள்ளும் வழியாகவே இருந்தது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் புதிதாக ஒன்று தட்டுப்படும். பாட்டுப் பயிலும் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. புரியாமல் ஒப்பிப்பதும் புரிவதற்காகத் திருப்புவதும் வெளியே ஒன்று போலவே தெரியும். அடுத்த கேள்வியைக் கேட்டுப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

இன்னும் ஆழமான இடம் சொற்கள். மேலைப் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண் அட்டவணையில் "கிரிட்டிக்கல்" சிந்தனைக்கு ஒரு தனி இடம் உண்டு. ஒரு கருத்தை நிறுத்துப் பார்ப்பது, ஆதாரம் போதுமா என்று சோதிப்பது, எங்கே பொருந்தும் எங்கே பொருந்தாது என்று பிரிப்பது எல்லாம் அதில் அடக்கம். தமிழில் அதை "விமர்சனம்" என்று சொன்ன உடனே குறை சொல்லும் வாடை வந்துவிடுகிறது. சீனத்தில் அதற்கான "பீபான்" என்ற சொல்லுக்கு அரசியல் கண்டனத்தின் கனம் உண்டு. ஆகவே "இந்தக் கோட்பாட்டை விமர்சித்து எழுதுக" என்றால் ஒரு மாணவர் நான்கு பக்கம் குறையாக அடுக்குவார். இன்னொருவர், பெரிய அறிஞரைக் குறை சொல்ல நான் யார் என்று தயங்கிச் சுருக்கம் மட்டும் எழுதுவார். இருவருக்கும் மதிப்பெண் குறையும், இருவருக்கும் காரணம் தெரியாது. ஆசிரியர் செய்ய வேண்டியது அந்தச் சொல்லை விளக்குவதைவிட, செய்து காட்டுவது. ஒரே பத்தியைச் சுருக்கமாகவும், நிறுத்துப் பார்ப்பதாகவும் இரண்டு விதமாகத் தானே எழுதி, எந்த வரிக்கு மதிப்பெண், எதற்கு இல்லை என்று கோடிட்டுக் காட்டினால், முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை.

பிறர் எழுத்தை எடுத்தாளும் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு கட்டுரை மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிடின் மென்பொருள் ஒரு சதவீதத்தைக் காட்டும், உடனே மாணவர் திருடிவிட்டார் என்று கோப்பு திறக்கும். தெரிந்தே திருடுபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, அவர்களுக்காக நான் பேசவில்லை. ஆனால் பாடநூலின் வாக்கியத்தை அப்படியே எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று பன்னிரண்டு வருடம் பழகிய ஒருவரை, முதல் செமஸ்டரிலேயே அதற்காகத் தண்டிப்பது நியாயமில்லை. அந்நிய மொழியில் ஒரு கருத்தைச் சொந்த வாக்கியத்தில் மாற்றி எழுதுவது தனித்திறன். அதைப் பயிற்றுவிக்க வேண்டும், அப்புறம்தான் சோதிக்க வேண்டும்.

பாடத்துக்குள் மறைந்திருக்கும் ஊர்

பிரிட்டனில் தயாரித்த மருத்துவமனை நிர்வாகப் பாடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் குடும்ப மருத்துவர், அவர் எழுதிக் கொடுத்தால்தான் மருத்துவமனையில் நிபுணர், அதற்கு ஒரு காத்திருப்புப் பட்டியல். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் பாடத்தில் எங்கும் எழுதியிருக்காது. காத்திருப்புப் பட்டியலைக் குறைக்க என்ன செய்யலாம் என்று மட்டும் கேள்வி இருக்கும். நேரே நிபுணரிடம் போய் அன்றைக்கே பணம் கட்டிப் பார்த்துவிடும் நாட்டில் இருக்கும் மாணவருக்குக் கேள்வியே புரியாது. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதிலேயே தேர்வின் முதல் அரை மணி போய்விடும். நிர்வாகத் திறனைச் சோதிக்க வந்த கேள்வி, பிரிட்டனில் வாழ்ந்திருக்கிறாயா என்று சோதித்துவிட்டுப் போகிறது.

எடுத்துக்காட்டை மாற்றினால் தீர்ந்தது என்று தோன்றும். யார் மாற்றுவது? இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. யுனெஸ்கோவும் ஐரோப்பிய கவுன்சிலும் 2001இல் கொண்டுவந்த நன்னடத்தை விதிகளும் சரி, யுனெஸ்கோவும், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடியும் 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் சரி, வெளிநாட்டில் தரும் கல்வி தாய் வளாகத்தின் தரத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்கின்றன. சரியான கோரிக்கை. வெளிநாட்டு மாணவர் தலையில் மட்டமான சரக்கைக் கட்டிவிடாமல் காக்கும் வேலி அது. ஆனால் பல இடங்களில் "ஈடாக" என்பதை "அதேபோல" என்று படித்துவிடுகிறார்கள். அதே ஸ்லைடு, அதே வினாத்தாள், அதே எடுத்துக்காட்டு. ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் தாய் வளாகத்தின் குழுவுக்கு எழுதிப் போட்டு, அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டும்.

இதன் முழுச் சுமையும் உள்ளூர் ஆசிரியர் மேல் விழுகிறது. எல்லை கடந்த கல்வி பற்றிய பேச்சில், விமானத்தில் வந்து இறங்கும் ஆசிரியரின் பண்பாட்டு அதிர்ச்சியே அதிகம் இடம்பிடிக்கிறது. அங்கேயே இருந்து பாடம் நடத்துபவரை யாரும் கேட்பதில்லை. அவர் எழுதாத பாடத்திட்டத்தை அவர் நடத்துகிறார். அவர் போடாத வினாத்தாளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். அவர் போட்ட மதிப்பெண்ணை எங்கோ இருக்கும் ஒருவர் சரிபார்த்து, "கொஞ்சம் தாராளமாகப் போட்டிருக்கிறீர்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புகிறார். மாணவர் ஏன் அழுகிறார் என்றும் அவருக்குத் தெரியும், 65 ஏன் நல்ல மதிப்பெண் என்றும் தெரியும். இரு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பவர் அவர்தான். ஆனால் அந்த வேலை அவருடைய பணி விவரத்தில் இருக்காது, அதற்கு நேரமும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பதவிப் பெயரிலேயே அவரை ஒரு படி கீழே வைத்திருப்பதும் உண்டு: அங்கே இருப்பவர் பேராசிரியர், இவர் டுடோரியல் நடத்துபவர்.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, வந்து போகும் ஆசிரியர்களால் வர முடியவில்லை. தாய் வளாகத்தின் விரிவுரை திரையில் வந்தது. அதை மாணவருக்குப் புரிய வைத்து, வகுப்பைக் கலையாமல் வைத்திருக்கும் வேலை உள்ளூர் ஆசிரியர் கைக்குத்தான் பல இடங்களில் வந்தது. அப்போது அவர்களை நம்பி விட முடிந்தது என்றால், ஓர் எடுத்துக்காட்டை மாற்றும் உரிமையை இப்போது கொடுப்பதில் என்ன தயக்கம்?

வந்து போகும் ஆசிரியரின் பாடும் லேசானதில்லை. வியாழன் இரவு இறங்கி, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை இருபது மணி நேரப் பாடம். ஒரு செமஸ்டரின் கணிசமான பகுதியை மூன்று நாளில் கொட்டிவிட்டு மறுபடி விமானம். முப்பது பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பழகும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும். சீனாவின் கல்வி அமைச்சகம் 2006இல் ஒரு விதி வைத்தது: கூட்டுப் படிப்புகளில் முக்கியப் பாடங்களிலும் பாட நேரத்திலும் மூன்றில் ஒரு பங்காவது வெளிநாட்டு நிறுவனத்தின் ஆசிரியர்களே நடத்த வேண்டும். பெயரை மட்டும் வாடகைக்கு விடுவதைத் தடுக்க வந்த நல்ல விதி. அதை நிறைவேற்ற எளிய வழியாக, இப்படி அவசரமாக வந்து போகும் வகுப்புகளே பெருகின. நேரக் கணக்கு சரியாகிவிடும், ஆசிரியரும் மாணவரும் பழகுவதற்கு நேரம் இருக்காது.

நாட்காட்டியும் சும்மா இருப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தது, 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு என்று மாறியது. கத்தாரில் இன்னமும் வெள்ளி, சனிதான். தாய் வளாகம் வெள்ளி மாலை ஒப்படைப்புக் கெடு வைத்தால், அது ஒருவருக்கு வேலை நாள், இன்னொருவருக்குத் தொழுகை நாள். நோன்பு மாதத்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வு வைப்பவர் கெட்ட எண்ணத்தில் வைப்பதில்லை. அவர் பார்த்த நாட்காட்டியில் அது இல்லை, அவ்வளவே.

சட்டம் வேறு விஷயம். இதை எந்தப் பயிற்சியாலும் தீர்க்க முடியாது. புலம்பெயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிவந்த நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ ராஸை 2015இல் அமீரகத்துக்குள் வர அனுமதிக்கவில்லை. அவருடைய பல்கலைக்கழகத்துக்கே அபுதாபியில் வளாகம் இருந்தது. இது போன்ற இடங்களில் எதைப் பேசலாம், பேசினால் யார் துணை நிற்பார்கள் என்பதைப் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். அதைச் செய்யாமல், "உள்ளூர் உணர்வுகளை மதித்து நடந்துகொள்ளுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுவது பொறுப்பைக் கைமாற்றுவது. ஒன்றும் நடக்காவிட்டாலும் ஆசிரியர் தானாகவே நாக்கைக் கடித்துக்கொள்ளப் பழகிவிடுவார், அதன் இழப்பு மாணவருக்கு.

வளாகங்கள் மூடுவதும் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் 2007இல் திறந்த சில மாதங்களிலேயே, எதிர்பார்த்த மாணவர் சேராததால் மூடியது. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2028க்குள் கத்தாரை விட்டு வெளியேற 2024இல் முடிவு செய்தது. குடும்பத்தோடு குடியேறிய ஆசிரியருக்கு, அந்த ஊரில் வேர்விடலாமா வேண்டாமா என்ற கேள்வி எப்போதும் உண்டு. வேர்விடாதவர் அந்த ஊர் மொழியைக் கற்க மெனக்கெடுவதும் குறைவு.

இந்தப் பயணம் இப்போது இரு திசையிலும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகமும் வொல்லொங்காங் பல்கலைக்கழகமும் 2024இல் குஜராத்தின் நிதிச் சேவை நகரமான கிஃப்ட் சிட்டியில் கடை விரித்தன. அதற்கு முந்தைய ஆண்டே சென்னை ஐஐடி தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்து, தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு காலம் பெற்றுக்கொள்ளும் பக்கம் இருந்தவர்கள் இப்போது கொண்டுபோகும் பக்கமும் நிற்கிறார்கள். நுழைவுத் தேர்வின் வேகத்தில் வார்த்தெடுத்த கேள்விகளையும், பத்துப் புள்ளி மதிப்பீட்டு முறையையும் அவர்கள் கூடவே கொண்டுபோவார்கள். வீட்டில் சுவாஹிலி பேசும் ஒரு மாணவர் தன் முதல் விடைத்தாளைத் திரும்ப வாங்கி, அதில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்து, இது நல்லதா கெட்டதா என்று பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்ப்பார்.